குளோரின் போட்டுக்கொண்டே இருந்தும் நீச்சல் குளம் பச்சையாவது ஏன்?

வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் கோடையில் அதிகம் சொல்லும் புகார் இது: “தினமும் மருந்து போடுறோம், ஆனாலும் தண்ணி பச்சையாவே இருக்கு.” கடைக்காரர் உடனே ஒரு கேன் பாசிக்கொல்லியை எடுத்து நீட்டுவார். அதை வாங்கும் முன், இத்தனை மாதமாகப் போட்டுவந்த மருந்து எது என்று டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் டி.சி.சி.ஏ. 90 (ட்ரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம்) என்று எழுதியிருக்கும், பொடியாகவோ மாத்திரையாகவோ. வில்லங்கம் அங்கேதான்.

இந்த மருந்தில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. வெயிலில் குளோரின் சிதையாமல் காப்பது அதன் வேலை. அது அறவே இல்லாத தண்ணீரில், உச்சி வெயில் ஒரு மணி நேரம் அடித்தாலே பாதிக் குளோரினுக்கு மேல் போய்விடும். ஆகவே 30 முதல் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை அது தேவைதான். ஆனால் குளோரின் தினமும் செலவாகிறது, சயனூரிக் அமிலம் செலவாவதில்லை. ஆவியாகாது, ஃபில்டர் மணலிலும் நிற்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.5 மீட்டர் ஆழம் என்றால் 48,000 லிட்டர். வசதிக்கு 50,000 என்று வைத்துக்கொள்ளலாம். இதில் தினம் 100 கிராம் டி.சி.சி.ஏ. போட்டால் 1.8 பிபிஎம் குளோரின் கிடைக்கும், கூடவே 1.1 பிபிஎம் சயனூரிக் அமிலம் ஏறும். மாதத்துக்கு 33. மூன்றே மாதத்தில் 100. பாசியை அண்டவிடாமல் வைக்க, சயனூரிக் அளவில் சுமார் 7.5 சதவீதம் குளோரின் நிற்க வேண்டும். 40 பிபிஎம்மில் 3 போதும், 100-ல் 7.5 வேண்டும். பராமரிப்புக்கு வருகிறவர் சோதனைப் பெட்டியைத் திறந்து குளோரினைச் சோதித்து “2 இருக்கு சார், சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொல்வது பொய்யில்லை. அந்தக் குளத்துக்கு 2 போதாது, அவ்வளவுதான்.

சோதனைப் பெட்டியிலும் ஒரு கண் வேண்டும். சொட்டு விட்டால் மஞ்சளாகும் பெட்டி மொத்தக் குளோரினைத்தான் காட்டும். அதில் வியர்வை, சிறுநீர் போன்ற அழுக்கோடு சேர்ந்துவிட்டதால் வேலைக்கு உதவாத கட்டுண்ட குளோரினும் அடக்கம். இளஞ்சிவப்பாகும் டி.பி.டி. பெட்டியே நல்லது. அதிலும் குளோரின் 10 பிபிஎம்மைத் தாண்டினால் நிறமே வெளுத்துப்போய் “பூஜ்யம்” போலத் தெரியலாம். இதைப் பார்த்து மேலும் மருந்தைக் கொட்டுவது வழக்கமாக நடக்கிறது. சந்தேகம் இருந்தால் ஒரு பங்கு குளத்துத் தண்ணீரில் நான்கு பங்கு ஆர்.ஓ. தண்ணீர் கலந்து சோதித்து, வந்த எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். சயனூரிக் அமிலத்துக்குத் தனிச் சோதனை உண்டு: கலங்கும் கரைசலைக் குழாயில் ஊற்றிக்கொண்டே போய், அடியிலுள்ள கறுப்புப் புள்ளி மறையும் கோட்டைப் படிப்பது. டி.டி.எஸ். மீட்டர் இதற்கெல்லாம் உதவாது.

அளவு 100 என்று வந்தால் தண்ணீரை மாற்றுவதுதான் நடைமுறை வழி. 60 சதவீதம் இறைத்துப் புதுத் தண்ணீர் விட்டால் 40-க்கு வரும். இதை ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்ய வேண்டாம். கடலோரத்திலும் ஏரிக்கரையிலும் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும் அந்த நேரத்தில் குளத்தைக் காலி செய்தால், அடியிலிருந்து தள்ளும் அழுத்தத்தில் தளம் வெடிக்கும். ஃபைபர் தொட்டி என்றால் அப்படியே எழும்பும். மழைக்காலத்தில் தானாக நிரம்பி வழிவதே சயனூரிக்கைக் கொஞ்சம் குறைத்துத் தரும்.

இனி பச்சையைப் போக்கும் வேலை. முதலில் இலை, சருகையெல்லாம் வலையால் அள்ளுங்கள். பிறகு ஆசிட் விட்டு பிஹெச்சை 7.2-க்குக் கொண்டுவாருங்கள், குளோரின் ஏறிய பிறகு பிஹெச் சோதனை சரியாகக் காட்டாது. 50,000 லிட்டருக்கு முதலில் அரை லிட்டர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும். ஒரு வாளித் தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. பம்பு ஓடும்போது ஆழமான பக்கம் சுற்றி ஊற்றி, அரை மணி கழித்துச் சோதித்து, தேவைப்பட்டால் மீண்டும்.

குளோரினை சயனூரிக்கில் 40 சதவீதத்துக்கு ஏற்ற வேண்டும். 40 பிபிஎம் இருந்தால் 16. அதற்கு 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் 8 லிட்டர், அல்லது 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் 1.2 கிலோ. திரவமே என் தேர்வு. நம் ஊர் போர் தண்ணீரில் ஏற்கெனவே கால்சியம் கொட்டிக்கிடக்கிறது, இன்னும் எதற்கு? ஆனால் வெயிலில் கிடந்த பழைய கேன் பாதி வீரியம் இழந்திருக்கும், புதிதாக வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் சாதாரண பிளீச்சிங் பவுடர் வேண்டாம், அதன் சுண்ணாம்புக் கசடு தரையில் படியும்.

ஒன்றை மறக்க வேண்டாம். டி.சி.சி.ஏ. அள்ளிய கரண்டியால் கால்சியம் ஹைப்போகுளோரைட்டை அள்ளக் கூடாது, ஒரே வாளியில் கலக்கவும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். எந்தக் குளோரின் மருந்தோடும் ஆசிட் சேர்ந்தால் நச்சு வாயு.

வெயில் தாழ்ந்ததும் மருந்தை ஊற்றி, சுவர், படிக்கட்டு, ஏணிக்குப் பின்புறம் எல்லாம் பிரஷ்ஷால் தேயுங்கள். பம்பை நிறுத்தாமல் ஓட்டுங்கள். சில மணிக்கு ஒரு தடவை சோதித்து, குறைந்ததைச் சேர்த்து 16-லேயே நிறுத்தி வைப்பதுதான் இதில் முக்கியம். ஒரே தடவை கொட்டிவிட்டு விட்டுவிட்டால் மிச்சப் பாசி தழைத்துவிடும். பச்சை போய்ச் சாம்பல் கலந்த வெள்ளையாகக் கலங்கும். இது செத்த பாசி. பலரும் இங்கேதான் பொறுமை இழந்து படிகாரத்தைக் கொட்டுகிறார்கள். ஃபில்டருக்கு நேரம் கொடுத்தால் அதுவே தெளிவிக்கும். இரவு சோதித்த அளவு விடியற்காலைக்குள் 1 பிபிஎம்முக்கு மேல் குறையாமல், கட்டுண்ட குளோரினும் 0.5-க்குள் இருந்து, தரையும் தெளிவாகத் தெரிந்தால் வேலை முடிந்தது. குளிக்க இறங்குவது 4 பிபிஎம்முக்குக் கீழே வந்த பிறகு.

தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தும் பச்சையா? அது பாசி இல்லை, உலோகம். செம்பு கலந்த பாசிக்கொல்லி போட்ட குளங்களில் பார்க்கலாம். மருந்து போட்டதும் தேநீர் நிறம் வந்தால் போர் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. புதுத் தண்ணீர் விடும் முன் ஒரு வாளியில் பிடித்துக் கொஞ்சம் குளோரின் போட்டு ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். பழுப்பேறினால் டேங்கர் தண்ணீரை யோசிக்கலாம். உப்புக்கறை படியும் கடினத் தண்ணீருக்கு பிஹெச் 7.2 முதல் 7.4, காரத்தன்மை (பிஹெச் ஏறி இறங்காமல் தாங்கும் திறன்) 60 முதல் 80 பிபிஎம் என்று தாழ்த்தியே வைப்பது நல்லது. காரத்தன்மை அதற்கும் கீழே போனால் 50,000 லிட்டரில் 840 கிராம் சமையல் சோடா 10 பிபிஎம் ஏற்றும்.

மணல் ஃபில்டரில், சுத்தமாக இருக்கும்போது பிரஷர் கேஜ் என்ன காட்டுகிறது என்று அதன் மேலேயே எழுதி வையுங்கள். அதைவிட 0.5 முதல் 0.7 பார் கூடினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி மணலைக் கழுவுவது. அடிக்கடி செய்வதும் கெடுதல்தான். மணலில் லேசாக அழுக்குப் படிந்திருந்தால்தான் நுண்ணிய தூசி பிடிபடும். பார்வைக் கண்ணாடியில் தெளியும்வரை இரண்டு மூன்று நிமிடம், பிறகு ரின்ஸ் (வழக்கமான திசையில் ஓட்டி வேஸ்ட் குழாயில் விடுவது) ஒரு நிமிடம். ரின்ஸை விட்டுவிட்டால் மிச்ச அழுக்கு குளத்துக்கே வரும். இந்த நிலைகளை மாற்றும் மல்ட்டிபோர்ட் வால்வின் கைப்பிடியைத் திருப்பும் முன் ஒவ்வொரு முறையும் பம்பை நிறுத்த வேண்டும். ஓடும்போது திருப்பினால் உள்ளேயிருக்கும் ஸ்பைடர் கேஸ்கட் பிய்ந்து, ஃபில்டர் நிலையிலேயே வேஸ்ட் குழாயில் தண்ணீர் சொட்டும். குளத்துக்குள் தொடர்ந்து மணல் வந்தால், ஃபில்டரின் அடியில் தண்ணீரை மட்டும் வெளியே விடும் லேட்டரல் குழாய் உடைந்திருக்கிறது.

ஃபில்டரிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் திரும்பி வரும் வாயில் காற்றுக் குமிழி வந்தால் பம்புக்கு முன்னால் எங்கோ காற்று இழுக்கிறது: ஸ்கிம்மரில் (மேல்தண்ணீரை இழுக்கும் சுவர் வாய்) தண்ணீர் மட்டத்தையும், ஸ்ட்ரெய்னர் (பம்புக்கு முன்னுள்ள குப்பை வடிகட்டி) மூடியின் ஓ-ரிங்கையும் பாருங்கள். மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் கெபாசிட்டரைச் சந்தேகிக்கலாம்.

மட்டம் குறைந்துகொண்டே போனால், படிக்கட்டில் ஒரு வாளியை வைத்து, அதில் குளத்துத் தண்ணீரை வெளி மட்டத்துக்குச் சமமாக ஊற்றி, இரண்டு மட்டத்தையும் குறித்து ஒரு நாள் விடுங்கள். இரண்டும் சமமாகக் குறைந்தால் வெறும் ஆவி. குளம் மட்டும் கூடுதலாகக் குறைந்தால் கசிவு. பம்பை நிறுத்தி இன்னொரு நாள் பாருங்கள்: ஓடும்போது மட்டும் அதிகம் குறைந்தால் பம்புக்குப் பிறகு வரும் குழாயிலோ வேஸ்ட் லைனிலோ தேட வேண்டும். ஓடினாலும் நின்றாலும் ஒரே அளவு போனால் லைட் பொருத்திய இடம், ஸ்கிம்மர் இணைப்பு, டைல் இடுக்கு என்று தொட்டியிலேயே தேடுங்கள்.