செம்பூர், திலக் நகர், குர்லா

ஜூன் 19
மறுபடியும் தும்மல், மறுபடியும் மூத்திரக் கசிவு. பிரசவத்திலிருந்தே இப்படித்தான். மறுபடியும் நைட்டி மாற்றினேன். நேற்றுத் துவைத்ததே கொடியில் சொட்டிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 20
முன்னெலும்பிலிருந்து வாலெலும்பு வரை அடியில் தாங்கிக் கட்டியிருக்கிற தசையாம். பிசியோ மராத்தியில் 'ஜோளி' என்றாள். நம்ம தூளிதான். நாலு பேர் நடுவில் காற்றுப் பிரியாமல் அடக்குவோமே, அதோடு மூத்திரத்தையும் அடக்குகிற மாதிரி உள்ளே, மேலே இழுக்க வேண்டும், முடிந்தவரை பிடித்து மெல்லப் பத்து விநாடிக்குப் போக வேண்டும், அப்படிப் பத்து தடவை, மூன்று வேளை. கேட்க எளிது. நான் இழுத்தால் தொடை இறுகுகிறது, பின்பக்கம் இறுகுகிறது, மூச்சு நின்றுபோகிறது, பல்லைக்கூடக் கடிக்கிறேன். வேண்டிய இடத்தில் ஏதாவது நடக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

ஜூன் 21
ஒன்று இரண்டு என்று எண்ணினால் தூக்கம் வருகிறது. அதனால், விநாடிக்கு ஒன்றாக, எங்கள் மும்பை லோக்கல் ரயில் ஸ்டேஷன் பெயர். செம்பூர், திலக் நகர், குர்லா, சுனாபட்டி, ஜிடிபி நகர், வடாலா, சிவ்ரி, காட்டன் கிரீன், ரே ரோடு, டாக்யார்ட் ரோடு. சரியாகப் பத்து. நான் குர்லாவில் இறங்கிவிடுகிறேன்.

ஜூன் 24
குர்லா.

ஜூன் 27
அம்மாவோடு சண்டை. பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டினால்தான் ஆச்சு என்கிறாள். மேலே இறுக்கினால் அழுத்தமெல்லாம் கீழேதானே போகும் என்றால், "நாங்கல்லாம் பெத்துக்கலையா?" தண்ணீரும் குடிக்கக் கூடாதாம். குடிக்காமல் மலம் இறுகி முக்கினால் அதுவும் இந்தத் தசைக்குத்தான் கேடு. ஒன்றுக்குப் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகு என்று வேறு. எது தசை என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம், தினமும் செய்தால் மூத்திரம் முழுசாகப் போகாது. அம்மா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். லேகியம் மட்டும் நேரத்துக்கு வந்தது.

ஜூலை 1
தடுப்பூசி. ஆட்டோ, பள்ளம், மழை. எழுத எதுவுமில்லை.

ஜூலை 6
இருமல் வந்தால் அம்மா சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு காலைப் பின்னிக்கொள்வாள். சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன், அவள் இருமுகிற விதம் அது என்றே நினைத்திருந்தேன். இன்று கேட்டுவிட்டேன். "உன்னைப் பெத்ததுலேருந்துதான். இதெல்லாம் ஒரு விஷயமா?"

1993. கல்யாண வீட்டில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, பஸ் என்றாலே வேண்டாம் என்பது, கறுப்பும் அரக்குமாகவே புடவை எடுப்பது. எல்லாம் இதற்குத்தானா? இந்தப் பயிற்சியைப் பற்றி கெகல் என்ற அமெரிக்க டாக்டர் எழுதியது 1948-ல். (நமக்குள் இருக்கிற தசைக்கான பயிற்சிக்கு ஓர் ஆம்பிளையின் பெயர், சரி போகட்டும்.) நாற்பத்தைந்து வருஷம் கழித்துப் பெற்றவளிடம் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. பாலாடையைக் கழுவிக்கொண்டே அழுதேன். அம்மா சூடு பிடித்துவிட்டதா என்று கேட்டாள்.

ஜூலை 9
சுனாபட்டி!! மூச்சு விட்டுக்கொண்டே.

ஜூலை 15
ஒன்றும் மாறவில்லை. பக்கெட்டைத் தூக்கினேன், போச்சு. பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம் என்கிறாள் பிசியோ, அவளுக்கென்ன. இருபத்தாறு வாரம் முடிந்து அக்டோபரில் வேலைக்குப் போக வேண்டும். காலை எட்டரை வண்டி, லேடீஸ் டப்பா, ஆளோடு ஆள் ஒட்டி நிற்கும்போது தும்மல் வந்தால்? காலைப் பின்னக்கூட இடம் இருக்காது.

ஜூலை 22
தும்மல் வருவதற்கு முன்பே இழுத்துப் பிடித்தேன். காய்ந்திருந்தது.

ஜூலை 23
இன்று அது பலிக்கவில்லை. ஆனாலும் வடாலா.

ஜூலை 26
இரண்டு மணிப் பால். விளக்குப் போடவில்லை, அம்மா தூங்குகிறாள் என்று நினைத்து வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இருட்டிலிருந்து குரல்: "ஏட்டி, குர்லாவுக்கு அப்புறம் என்ன ஸ்டேஷன்?"

ஜூலை 29
தடுப்பூசி. காய்ச்சல். தூளியை ஆட்டுவதை நிறுத்தினால் அழுகை. இரண்டு வேளை போச்சு, மூன்றாவது