ஒரே ஒரு ‘டி’ விட்டுப்போய் ஆத்தாவின் மொய்க் கணக்கு காணாமல் போன கதை

தேவகோட்டையில் ஒரு கல்யாணம், அடுத்த வாரம். அந்த வீட்டார் எங்கள் ஆச்சி கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் எழுதினார்கள் என்று பார்க்க ஆத்தா காலையில் கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறார்கள் (எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம்). மொய் நோட்டு முழுவதையும் ஆத்தாவே ஒரு மாதம் உட்கார்ந்து எக்செல்லில் ஏற்றி வைத்திருந்தார்கள். பல் விளக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, “என்னப்பா இது, காலி பண்ணிட்டுப் போன வீடு மாதிரி இருக்கு, என் கணக்கைக் காணோமே” என்றார்கள்.

போய்ப் பார்த்தால் வெறும் நீலத் திரை, ஒரு ரீசைக்கிள் பின், மூலையில் ‘டெம்ப்ரரி புரொஃபைல்’ என்று ஒரு செய்தி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் முதல் நாள் ராத்திரி நான் செய்த வேலை எனக்குத் தெரியும்.

பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு இந்தக் கம்ப்யூட்டரில் சொருகியிருந்தேன். ஆச்சி கல்யாணப் போட்டோ எல்லாம் அதில்தான். ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. ப்ராப்பர்டீஸில் செக்யூரிட்டி டேபைப் பார்த்தால் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அக்கவுண்ட் அன்னோன்’ என்று போட்டு, எஸ்-1-5-21 என ஆரம்பிக்கும் ஒரு நீள எண். விஷயம் இதுதான்: விண்டோஸ் ஆளைப் பெயரால் அடையாளம் வைப்பதில்லை, அந்த எண்ணால்தான் வைக்கிறது. எங்கள் வீட்டில் ஐயா பெயர்தான் எனக்கும், மூத்த பேரனுக்கு ஐயா பெயரை வைப்பது வழக்கம், ஆனால் பெயர் ஒன்று என்பதற்காக ஐயா போட்ட கையெழுத்தை நான் போட முடியுமா? அதே மாதிரி பழைய கம்ப்யூட்டரில் இருந்த ‘நான்’ வேறு ஆள், இங்கே இருக்கும் ‘நான்’ வேறு ஆள்.

இதற்கு வழி சுலபம். டேக்ஓன் என்ற கட்டளையால் ஃபோல்டரின் சொந்தக்காரராக ஆகிவிட்டு, அனுமதிகளைக் கையாளும் ஐகேக்கிள்ஸ் (ஐ-சி-ஏ-சி-எல்-எஸ் என்று டைப் செய்ய வேண்டும்) கட்டளையில் ரீசெட் கொடுத்தால் முடிந்தது. அட்மின் உரிமையோடு கட்டளைச் சன்னலைத் திறந்தேன். முதலில் சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் போய், யார் எவ்வளவு இடம் அடைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். அப்புறம் சிடி (ஃபோல்டர் மாறுவதற்கான கட்டளை) போட்டு ஈ டிரைவின் போட்டோ ஃபோல்டருக்குப் போனேன். போனதாக நினைத்தேன். ஒரு டிரைவிலிருந்து இன்னொரு டிரைவுக்குத் தாவ வேண்டுமென்றால் சிடி-க்குப் பின்னால் ஸ்லாஷ் போட்டு ‘டி’ என்ற எழுத்தையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அது எந்தப் பிழையும் காட்டாது, அப்படியே நின்ற இடத்தில் நிற்கும். நான் யூசர்ஸ் ஃபோல்டரிலேயே நின்றுகொண்டு, ‘இங்கே உள்ள எல்லாம், அதற்கு உள்ளே உள்ள எல்லாம்’ என்று நட்சத்திரக் குறி போட்டு இரண்டு கட்டளையையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டேன். திரையில் சக்சஸ் சக்சஸ் என்று ஓடிக்கொண்டே இருந்தது, போட்டோ இத்தனையா இருந்தது என்று வியந்துகொண்டே போய்ப் படுத்துவிட்டேன்.

என்ன நடந்தது என்பதை எங்கள் வீட்டை வைத்தே சொல்லிவிடலாம். வளவைச் (வீட்டின் நடு முற்றத்தைச்) சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும்) ஓர் அறை, ஒவ்வோர் அறைக்கும் தனிப் பூட்டு, சாவி அந்தந்தப் புள்ளியிடம். விண்டோஸிலும் யூசர்ஸ் என்பது வளவு, ஆத்தாவுக்கு ஓர் அறை, எனக்கு ஓர் அறை. நான் கொடுத்த ரீசெட் எல்லா அறைப் பூட்டையும் கழற்றி எறிந்துவிட்டு, வளவுக்கு என்ன விதியோ அதுதான் எல்லா அறைக்கும் என்று ஆக்கிவிட்டது. வளவின் விதி என்னவென்றால், யாரும் எட்டிப் பார்க்கலாம், அட்மின் மட்டும்தான் சாமானை நகர்த்தலாம். ஆகவே ஆத்தா தன் அறையிலேயே ஒரு சாமானை வைக்க முடியாது, யார் வேண்டுமானாலும் ஆத்தா அறைக்குள் பார்க்கலாம். சொந்த அறைக்குள் எழுத முடியாத ஆளை விண்டோஸ் உள்ளே விடாமல் திண்ணையில் ஒரு பாய் போட்டுக் கொடுக்கிறது, அதுதான் அந்த டெம்ப்ரரி புரொஃபைல். என் அக்கவுண்ட் எப்படியோ உள்ளே போனது, ஆனால் ஸ்டார்ட் பட்டன் திறக்கவில்லை, பிரவுசர் எதையும் சேமிக்கவில்லை.

காரைக்குடியில் ஒரு கடைக்கு போன் போட்டுக் கேட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள் “ஃபார்மட் போட்டுடலாம் சார்” என்றார். தெரிந்தவர் ஒருவர் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் ஓட்டு என்றார். விண்டோஸில் எது கெட்டாலும் எல்லோரும் சொல்கிற மருந்து இது. அது சிஸ்டம் ஃபைல்களைத்தான் சரிபார்க்கும், நான் கெடுத்தது ஆட்களின் அறையை, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, முதலில் மொய்க் கணக்கை வெளியே எடுப்போம் என்று முடிவு செய்தேன். விண்டோஸில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்றே ஓர் அக்கவுண்ட் தூங்கிக்கொண்டிருக்கும், நெட் யூசர் கட்டளையில் ஆக்டிவ் யெஸ் என்று கொடுத்தால் எழும். அதில் நுழைந்து ஆத்தாவின் ஃபோல்டர் முழுவதையும் பென் டிரைவுக்குக் காப்பி போட்டேன். கால் மணி நேரம், அரை மணி நேரம், முடிகிற வழியாக இல்லை. உற்றுப் பார்த்தால் பாதையில் அப்ளிகேஷன் டேட்டா, அதற்குள் அப்ளிகேஷன் டேட்டா, அதற்குள் மறுபடியும் அப்ளிகேஷன் டேட்டா என்று கண்ணாடிக்கு எதிரே கண்ணாடி வைத்த மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது. அது நிஜ ஃபோல்டரே இல்லை, பழைய புரோகிராம்களுக்காக வைத்த ஒரு ஜங்ஷன், தன் தாய் ஃபோல்டரையே திரும்பிக் காட்டுவது. யாரும் உள்ளே போய் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அதன் வாசலில் ஒரு தடை போட்டு வைத்திருப்பார்கள், அந்தத் தடையையும் என் ரீசெட் துடைத்துவிட்டது. ரோபோகாப்பி என்ற காப்பிக் கட்டளையில் எக்ஸ்ஜே ஆப்ஷன் போட்டால் ஜங்ஷன்களைத் தொடாது. அதற்கப்புறம் 6 நிமிஷம்தான்.

எக்செல் திறந்தது. ஆத்தா சீப்புச் சீடைத் தட்டோடு வந்து பக்கத்தில் நின்று, எண்ணெய் விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு வரிசையை இறக்கி, தேவகோட்டைக்காரர்கள் பெயரில் நிறுத்தினார்கள். 501. “அவ்வளவுதானா” என்று ஒரு சிரிப்பு.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ரோஷம் விடவில்லை. ஐகேக்கிள்ஸில் ஆத்தாவின் ஃபோல்டருக்கு மேலிருந்து வரும் அனுமதியை வெட்டிவிட்டு, சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், ஆத்தா, இந்த மூவருக்கு மட்டும் முழு உரிமை கொடுத்தேன், அது உள்ளே உள்ள எல்லாவற்றுக்கும் இறங்கும்படி. பிறகு செட்ஓனர் போட்டு என் பெயரில் இருந்த சொந்தத்தை ஆத்தாவுக்கே எழுதிக் கொடுத்தேன். அப்படியும் லாகின் செய்தால் திண்ணைதான். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் புரொஃபைல்லிஸ்ட் என்ற இடத்தில் ஆத்தாவின் எண் இரண்டு தடவை இருந்தது, ஒன்றின் வாலில் பேக் என்று. பேக் உள்ளதுதான் அசல், மற்றது டெம்ப்ரரிக்காகப் போட்ட போலி. முதலில் மொத்தத்தையும் எக்ஸ்போர்ட் செய்து பத்திரப்படுத்தினேன், அப்புறம் போலியை நீக்கினேன், அசலின் வாலை வெட்டினேன், ஸ்டேட் மதிப்பைப் பூஜ்யமாக்கினேன். ரீஸ்டார்ட். பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் படம் போட்ட பழைய திரை வந்தது.

வந்தது, ஆனால் பாதிதான். கால்குலேட்டர் திறக்காது, போட்டோஸ் திறக்காது. இந்த ஸ்டோர் ஆப்கள் ஒவ்வொன்றுக்கும் அறைக்குள்ளேயே தனித்தனி அலமாரி, தனித்தனி அனுமதி உண்டு, அவற்றையும் நான் அழித்திருந்தேன். ஒவ்வொன்றாக ஒட்டவைக்க ஒரு மணி நேரம் முயன்றுவிட்டு விட்டேன். என் கணிப்பு: ஃபைல்களை மீட்கும் அளவுக்கு அனுமதியைச் சரிசெய்வது நியாயம், அதற்கு மேல் பழைய அக்கவுண்டை நோண்டுவது வீண். ஆத்தாவுக்கும் எனக்கும் புது அக்கவுண்ட் தொடங்கி, டாக்குமெண்ட், படம், பிரவுசர் புக்மார்க் மட்டும் மாற்றினேன். ஆப்டேட்டாவை (புரோகிராம்கள் தங்கள் அமைப்புகளை வைக்கும் ஃபோல்டர்) அப்படியே அள்ளிப் போடவில்லை, போட்டால் பழைய வியாதியும் கூடவே வரும். எல்லாம் முடிந்ததும் அந்த அட்மினிஸ்ட்ரேட்டரை மறுபடி தூங்க வைத்தேன், இதை மறக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை அந்த போட்டோ ஃபோல்டரை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை சிடி-யே கிடையாது, ஈ டிரைவிலிருந்து முழுப் பாதையையும் மேற்கோள் குறிக்குள் டைப் செய்தேன், அதற்கு முன்னால் ஐகேக்கிள்ஸ் சேவ் போட்டு இருக்கிற அனுமதிகளை ஒரு ஃபைலில் எழுதி வைத்தேன். 4 நிமிஷத்தில் எல்லாப் படமும் திறந்தது. பின்னால் நின்று பார்த்த ஆத்தா, “இதுக்கா என் கணக்கைத் தொலைச்சே?” என்று கேட்டுவிட்டு, மூன்றாவது படத்திலேயே “அந்தப் புடவையை யாருக்குக் கொடுத்தோம்?” என்று ஆரம்பித்துவிட்டார்கள்.