ரிவெட்டை எண்ணுங்கள், அப்புறம் ஸ்பேனரை எடுங்கள்

1929, 1930 என்று அடுத்தடுத்து இரண்டு லே மான் 24 மணி நேரப் பந்தயங்களை ஒரே பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ் கார் ஜெயித்தது. 'ஓல்டு நம்பர் ஒன்' என்று அதற்குப் பெயர். பிறகு அதை இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் தடத்துக்காக மாற்றினார்கள், 8 லிட்டர் இன்ஜின் ஏற்றினார்கள். 1932 செப்டம்பரில் அந்தத் தடத்தின் சரிவு விளிம்பைத் தாண்டிப் போய் நொறுங்கியது; ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்தார். அதன் பிறகும் காரைத் திரும்பக் கட்டி, கூரை மூடிய கூபே பாடி போட்டுச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். 1990-இல் ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசி முடித்தபின், இது அந்தக் காரே இல்லை என்று வாங்கும் தரப்பு பின்வாங்க, விவகாரம் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் வரை போனது. நீதிபதி ஓட்டன் சொன்னதன் சாரம் இது: காரை 'ஒரிஜினல்' என்று சொல்ல முடியாது, ஆனால் அதன் வரலாறு எங்கும் அறுபடவில்லை, இடையில் அது வேறொரு காராக மாறிவிடவும் இல்லை, ஆகவே இதுதான் ஓல்டு நம்பர் ஒன்.

பழைய ஸ்போர்ட்ஸ் பந்தயக் கார்களில் கை வைக்கிற எவரும் முதலில் படிக்க வேண்டிய தீர்ப்பு இது. பந்தயக் கார் என்றாலே ஞாயிற்றுக்கிழமை முட்டி, திங்கட்கிழமை வெட்டி ஒட்டப்பட்டதுதான். இன்ஜின் மாறும், மூக்கு மாறும், சில சமயம் சேசிஸே, அதாவது அடிச்சட்டமே, மாறும். சுங்கக் காகிதத்தில் ஒரு சேசிஸ் எண்ணும் காரில் வேறொரு எண்ணும் இருந்தால் எல்லையில் மாட்டிக்கொள்வோம் என்று அணிகள் எண் தகட்டையே கழற்றி அடுத்த காரில் அடித்த கதையும் உண்டு. கழித்துக் கட்டிய பழைய சேசிஸை 30 ஆண்டு கழித்து யாராவது தூசி தட்டி எடுத்து அதன்மேல் ஒரு கார் கட்டினால், ஒரே எண்ணுக்கு இரண்டு கார். ஃபெராரி 250 ஜிடிஓ மொத்தம் 36தான். அதில் ஒன்று 2018-இல் 4.84 கோடி டாலருக்கு ஏலம் போனது. இப்படி விலை போகிற உலகத்தில் இரண்டு தரப்பும் சும்மா விட்டுக்கொடுக்காது.

அதனால் ரசிகர்களின் நினைவுக்கு இங்கே தனி மதிப்பு. ஆனால் எந்த நினைவு என்று பார்க்க வேண்டும். நிறத்தையும் பந்தய எண்ணையும் மனிதர்கள் சர்வசாதாரணமாகத் தப்பாகச் சொல்வார்கள். "ஓட்டுநர் பக்கக் கதவு சரியாக மூடாது, தோல் பட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள்" என்று ஒரு பழைய மெக்கானிக் சொன்னால் உடனே குறித்துக்கொள்ளுங்கள். கையால் பட்ட தொல்லை லேசில் மறக்காது. அந்தப் பட்டையின் ரிவெட் ஓட்டைகள் இன்றும் கதவில் இருக்கலாம்.

அதைவிட மேல், அக்காலத்தில் பார்வையாளர்கள் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். பத்திரிகைப் படத்தில் கார் ஓடிக்கொண்டிருக்கும். ரசிகர் எடுத்த படத்தில் பானெட் திறந்து, சக்கரம் கழன்று நிற்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது வகை. ரிவெட் வரிசையின் இடைவெளி, காற்று வெளியேறும் பிளவுகளின் எண்ணிக்கை, பெட்ரோல் மூடி இருக்கும் இடம், கண்ணாடித் தாங்கியின் வளைவு ஆகியவற்றை எண்ணி, காரோடு ஒப்பிடுங்கள். கையால் அடித்த ரிவெட் வரிசை இயந்திரம் போல் சீராக இருக்காது. இரண்டு ரிவெட் நெருங்கியும் மூன்றாவது விலகியும் இருக்கும். அந்தக் கோணல் படத்திலும் தகட்டிலும் ஒன்றாக இருந்தால் அது அதே தகடுதான்.

வெல்டிங்கும் பேசும். 1950-களின் அலுமினிய பாடியில் கேஸ் வெல்டிங் அகலமாகப் பரவியிருக்கும். மேல் பக்கம் அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தியிருப்பார்கள், உள்பக்கம் அப்படியே விட்டிருப்பார்கள். குறுகலாக, ஒரே சீராக அடுக்கடுக்காகத் தெரிகிற டிக் வெல்டிங் (மின்பொறியால் செய்வது) என்றால் பெரும்பாலும் பின்னாளைய வேலை. அது குற்றமில்லை. எப்போது, ஏன் என்பதுதான் கேள்வி. மசெராட்டி டிப்போ 61-இன் சேசிஸில் சுமார் 200 சின்னக் குழாய்கள் இருப்பதால்தான் 'பறவைக்கூண்டு' என்று பெயர். அதில் எந்தக் குழாய் எப்போது மாற்றப்பட்டது என்று வரைபடம் போட்டே வைத்துக்கொள்ள வேண்டும். போர்ஷே 917-இல் விரிசலைக் கண்டுபிடிக்கக் குழாய்களுக்குள் காற்றழுத்தம் ஏற்றி அழுத்தமானி வைத்தார்கள். அழுத்தம் இறங்கினால் எங்கோ விரிசல். நமக்கு அந்த வசதி இல்லை.

இன்னொன்று: உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ தரும் வரலாற்றுத் தொழில்நுட்பப் பாஸ்போர்ட்டைக் காட்டி "இது அசல்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கார் அந்தக் காலத்து விவரக்குறிப்புக்குப் பொருந்துகிறது என்பதற்கு மட்டுமே அது சான்று. வம்சாவளிக்கு அல்ல.

சேகரிப்பாளர்களில் நான் மதிப்பது ஃபிலடெல்ஃபியாவின் நரம்பியல் அறுவை மருத்துவர் ஃபிரெட் சிமியோனின் வழி. 1960-களின் அமெரிக்கப் பந்தயக் காரான ஷெல்பி டேட்டோனா கூபே மொத்தம் ஆறு. அதில் முதலாவது, சிஎஸ்எக்ஸ் 2287, பல ஆண்டுகள் ஓரமாகக் கிடந்து 2001-இல் வெளியே வந்தது. புதுப் பெயின்ட் அடித்துப் பளபளக்க வைக்காமல், தேய்ந்த நிலையிலேயே சிமியோன் அதை வைத்தார். 2014-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் முதலில் ஏறியது அந்தக் கார்தான். மறுபக்கம், நூறு மணி நேரம் பாலிஷ் போட்டு, ஆலையில் இருந்து வந்தபோதுகூட இல்லாத மினுமினுப்பை ஏற்றுகிறவர்கள். பரிசு அவர்களுக்கு நிறையக் கிடைக்கும். உரித்த பெயின்ட் திரும்ப வராது.

சரி, கார் நம் முன்னே. இருபது ஆண்டாக ஓடவில்லை. பேட்டரி போட்டு ஸ்டார்ட்டரை அழுத்திப் பார்ப்பதுதான் எல்லாருக்கும் வரும் ஆசை. அங்கேதான் இன்ஜின் போகிறது. தள்ளி ஸ்டார்ட் செய்வது அதைவிட மோசம். வால்வு தன் கைடில் (அது ஏறி இறங்கும் குழலில்) சிக்கியிருந்தால் பிஸ்டன் போய் அதை வளைத்துவிடும்.

பிளக்குகளை எல்லாம் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் 10 மில்லி மெல்லிய எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிடுங்கள். எண்டோஸ்கோப் கேமராவை விட்டுச் சுவரில் துருக்கோடு இருக்கிறதா பாருங்கள். கேம் மூடியைத் திறந்து, கிராங்க் நட்டில் நீளமான ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒருவர் சுற்ற, இன்னொருவர் ஒவ்வொரு வால்வும் இறங்கித் திரும்ப ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். கீழேயே நின்றுவிட்ட வால்வு கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். கையில் தடுக்கிற இடத்தில் பலம் காட்டினால் செலவுதான் கூடும்.

ஆயிலில் இரண்டு கண்ணி உண்டு. முதலாவது டிரை சம்ப், அதாவது ஆயிலை இன்ஜினுக்கு அடியில் வைக்காமல் தனி டேங்கில் வைக்கும் அமைப்பு. ஆயில் டேங்க் பம்புக்கு மேலே இருப்பதால், சில வாரங்களில் பம்பின் பற்சக்கர இடுக்கு வழியே ஆயில் மெல்ல இன்ஜினுக்குள் இறங்கிவிடும். டேங்க் காலியாகத் தெரியும். அதைப் பார்த்து யாராவது ஐந்து லிட்டர் ஊற்றுவார். ஸ்டார்ட் ஆனதும் உறிஞ்சும் பம்ப் கீழே இருந்ததையும் டேங்குக்கே அனுப்ப, மூச்சுக்குழாய் வழியே பொங்கிச் சூடான எக்ஸாஸ்ட் மேலோ பின் டயர் மேலோ விழும். டிரை சம்ப் அளவைச் சூடான இன்ஜினை நிறுத்திய உடனே பார்க்க வேண்டும், ஆறிய பிறகு அல்ல. நீண்ட நாள் நின்ற காரில் கிராங்க் கேஸை முழுதாக வடித்து, அளந்து, புது ஆயிலை டேங்கில் ஊற்றி, பிளக் இல்லாமலே 10 விநாடி ஸ்டார்ட்டரை ஓட்டி, ஒரு நிமிடம் ஆறவிட்டு, அழுத்தம் காட்டும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

இரண்டாவது, விளக்கெண்ணெய். அக்காலப் பந்தய ஆயில்களில் காஸ்ட்ரால் ஆர் போன்றவற்றின் அடிப்படை விளக்கெண்ணெய்தான். பந்தய மைதானங்களின் மணம் என்று பழைய ரசிகர்கள் இன்றும் சொல்வது அது எரிந்த வாசனை. உராய்வுக்கு அருமை, ஆனால் நின்றுபோனால் கெட்டியாகிப் பிசின் போல் இறுகும். பிஸ்டன் ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும், ஆயில் துளை அடையும். சாதாரண மினரல் ஆயிலோடு அது கலக்காது. மேலே புது ஆயில் ஊற்றினால் இரண்டும் சேர்ந்து சேறாகும். பழைய ஆயில் எது என்று தெரியவில்லையா? கொஞ்சம் எடுத்துப் பெட்ரோலில் விட்டு ஆட்டுங்கள், இன்னொரு துளியை ஆல்கஹாலில் விடுங்கள். பெட்ரோலில் கரையாமல் ஆல்கஹாலில் கரைந்தால் விளக்கெண்ணெய் வகை. அப்படியானால் இன்ஜினைப் பிரிப்பதைத் தவிர நல்ல வழி கிடையாது.

பெட்ரோல் டேங்குக்குள் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிர்ந்திருக்கும். உள்ளே தெளித்து ஒட்டும் சீலன்ட் வேண்டவே வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோல் பட்டால் அது தோலாக உரிந்து குழாயை அடைக்கும். ரிவெட்டை எடுத்துப் பிரித்துச் சுத்தம் செய்வதே ஒழுங்கு. உள்ளே ரப்பர் பை உள்ள வகை டேங்க் என்றால் ஆயுள் ஐந்து ஆண்டு, சோதித்துச் சான்று வாங்கினால் இன்னும் இரண்டு. அதற்குள் இருக்கும் ஃபோம்தான் அசல் வில்லன். காலம் போனதும் மாவாக உதிரும். சின்னத் துகள்கள் ஃபில்டரையும் தாண்டி கார்புரேட்டரின் ஐடில் ஜெட்டில் (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் துளையில்) போய் உட்காரும். அதன் துளையே அரை மில்லிமீட்டர் அளவுதான். ஆகவே மெதுவாக ஓடும்போது ஒரு சிலிண்டர் மட்டும் துப்பி, முழு வேகத்தில் எல்லாம் சரியாக இருந்தால், டைமிங்கைத் திருகாதீர்கள். அந்த ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள்.

இந்தக் கார்களில் அதிகம் காணப்படும் வெபர் டிசிஓஇ கார்புரேட்டரைப் பற்றி இன்னும் கொஞ்சம். பித்தளை மிதவை உள்ள பெரும்பாலானவற்றில், மூடியைச் செங்குத்தாகப் பிடித்து, கேஸ்கெட்டோடு சேர்த்து மிதவை வரை 8.5 மி.மீ. இருக்க வேண்டும். நீடில் வால்வின் ஸ்பிரிங் உருண்டை உள்ளே அழுந்தாமல், மிதவையின் நாக்கு அதைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்போது அளக்க வேண்டும். அழுந்திவிட்டால் அளவு பொய். பெட்ரோல் அழுத்தம் 3 பிஎஸ்ஐ போதும். 4-ஐத் தாண்டினால் வழியும்.

எல்லாம் சரியாக வைத்தும் குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் இன்ஜின் திக்கினால், கார்புரேட்டரை இன்ஜினோடு எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். இடையில் ஓ-ரிங் வைத்த தட்டும், நட்டுக்குக் கீழே தாக்கரே என்னும் சுருள் வாஷரும் இருக்கும். அந்த வாஷரின் சுருள்களுக்கு நடுவே 0.5 மி.மீ. இடைவெளி விட்டுத்தான் நட்டை நிறுத்த வேண்டும். நட் தானாகக் கழலாதபடி நைலான் வளையம் உள்ளதைப் போடுங்கள். பலசாலி ஒருவர் இறுக்கி முடித்திருந்தால் இன்ஜினின் அதிர்வு நேராக மிதவை அறைக்கு ஏறி, பெட்ரோல் நுரைத்துவிடும். ஜெட் வழியே பெட்ரோலுக்குப் பதில் குமிழி வரும். இதற்காக ஜெட் மாற்றி மாற்றி ஒரு சீசனையே வீணாக்கியவர்கள் உண்டு.

மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமலே பொறி உண்டாக்கும் கருவி) உள்ள கார் குளிர்ச்சியில் உடனே ஸ்டார்ட் ஆகி, இருபது நிமிடத்தில் செத்து, ஆறியதும் எழுந்தால் அதன் உள்ளே சுழலும் ஆர்மேச்சர் சுருளின் ஷெல்லாக் பூச்சோ கண்டென்சரோ போயிருக்கும். பெட்ரோல் ஆவியாகித் தடைபட்டாலும் இதே குறிதான். நின்ற அந்த நொடியே வேறொரு பிளக்கை ஒயரில் மாட்டிப் பொறி பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

சக்கரங்களில் கஞ்சத்தனம் ஆகாது. மக்னீசியச் சக்கரத்தில் பெயின்டுக்கு அடியில் அரிப்பு ஒளிந்திருக்கும். பெயின்டை ரசாயனத்தால் எடுங்கள். மணல் வீசிச் சுத்தம் செய்தால் விரிசலின் வாய் நசுங்கி மூடிக்கொள்ளும், பிறகு சோதனையில் பிடிபடாது. விரிசல் காட்டும் சாயத்தைப் பூசி, அது ஊடுருவ 20 நிமிடம் விட்டு, துணியால் துடைத்து (கரைப்பானை நேராகத் தெளித்தால் விரிசலுக்குள் இருப்பதும் போய்விடும்), சாயத்தை வெளியே இழுக்கும் டெவலப்பர் பொடியை அடித்தால் விரிசல் கோடாகத் தெரியும். காந்தத் துகள் சோதனை இரும்புக்கு மட்டும்: ஸ்டியரிங் கை, ஸ்டப் ஆக்சில், கிராங்க்.

ஸ்போக் சக்கரத்துக்கு நடுவில் ஒற்றை நட் உள்ள கார்களில், இடப்பக்கம் வலச்சுற்று மரை, வலப்பக்கம் இடச்சுற்று மரை. இரண்டு பக்கமும் கார் முன்னோக்கிப் போகும் திசையில் சுற்றினால்தான் நட் கழலும். ஓடும்போது கழன்றுவிடாதா என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. நட்டின் கூம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள நூலிழை இடைவெளியில், எடை அழுத்த அழுத்த நட் பின்னோக்கி உருண்டு இறுகிக்கொண்டே போகும். பிரித்துக் கட்டும்போது ஹப்புகளை இடம் வலம் மாற்றிவிட்டால் அதே விசை சக்கரத்தைக் கழற்றும். கிளட்ச் விடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தால் ஹப்பின் பற்கள் கத்தி முனையாகத் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். நட்டை எவ்வளவு அடித்தாலும் அது சரியாகாது.

பிரேக்கில் ரப்பர், ஹோஸ், திரவம் எல்லாம் புதிது. இதில் பேச ஒன்றுமில்லை. வளைவு தாண்டியதும் பெடல் ஆழமாகப் போனால் முதலில் வீல் பேரிங் ஆட்டத்தைப் பாருங்கள், டிஸ்க் ஆடிப் பேடைப் பின்னுக்குத் தள்ளியிருக்கும். டயரில் பள்ளம் மிச்சமிருக்கிறது என்று ஏமாற வேண்டாம். ரப்பர் இறுகியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

கழற்றிய பாகம் எதையும் வீசாதீர்கள். விரிசல் விட்ட சக்கரம், உதிர்ந்த ஹோஸ், வெட்டி எடுத்த ஒரு சாண் குழாய், எல்லாம் காரோடு போக வேண்டியவை. அட்டை டேக்கில் மார்க்கரால் எழுதினால் ஆயில் பட்டதும் எழுத்து போய்விடும். மெல்லிய அலுமினியத் துண்டில் தேதியையும் எடுத்த இடத்தையும் ஆணியால் கீறி, கம்பியால் கட்டி வையுங்கள். கம்பி செம்பாக இருக்க வேண்டாம். மக்னீசியத்தில் பட்டால் ஈரத்தில் அரித்துவிடும்.