திரானாவில் ஏமாந்த ஐயாயிரமும் புக்கரெஸ்டில் குடித்த கிடாவும்

முதலில் பணம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், இன்னும் வயிறு எரிகிறது. அல்பேனியத் தலைநகர் திரானாவில் ஸ்கந்தர்பெக் சதுக்கத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கு டாக்ஸி எடுத்தேன். எவ்வளவு என்றதற்கு ஓட்டுநர் "ஐயாயிரம்" என்றார். ஐந்து ஆயிரம் லெக் நோட்டுகளை நீட்டினேன். மனுஷன் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார், வாங்கிச் சட்டைப் பையில் போட்டார், போயே போய்விட்டார். 1965-ல் பத்துப் பழைய லெக்கை ஒரு புது லெக்காக மாற்றினார்களாம், இன்றைக்கும் பலர் விலை சொல்வது பழைய கணக்கில்தான். அவர் கேட்டது வெறும் 500! நம் ஊர்க் காசில் நாலாயிரத்துக்கு மேல் அம்பேல்.

அந்தக் கடுப்பில் மதியச் சாப்பாடு ஒரு பூரெக்கும் ஒரு கோப்பை தல்லெயும்தான். பூரெக் என்பது அடுக்கடுக்கான மெல்லிய மாவுக்குள் கீரையோ பாலாடைக்கட்டியோ வைத்துச் சுட்டது. தல்லெ? மோர். அசல் உப்பு மோர், குளிரக் குளிர. பயணத்திலேயே மலிவான சாப்பாடு அதுதான், சிறந்ததும் அதுதான்.

ஜிரோகாஸ்தர் போகும் ஃபுர்கோனில், அதாவது ஆள் நிறைந்தால்தான் கிளம்பும் வேனில், முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தபோது சாலையை ஓர் ஆட்டு மந்தை மறித்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் முன்னால் வந்த கொம்புக் கிடாவைக் காட்டி "ட்ஸ்யாப்" என்றார். நானும் சொல்லிப் பார்த்தேன், வேனே சிரித்தது.

ஊரில் கோட்டையைச் சுற்றிக் காட்டியவர் "எங்கள் மொழி இல்லிரியன், அவ்வளவுதான்" என்று அடித்துச் சொன்னார். எனக்கு ஒப்பவில்லை. இல்லிரியன் என்பது பால்கன் மேற்கில் பழங்காலத்தில் பேசி, பிறகு அழிந்துபோன மொழி. அதில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஆள் பெயரும் ஊர்ப் பெயரும்தான், அதை வைத்து என்ன தீர்ப்பு சொல்வது? அல்பேனியன் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் கிரேக்கம் மாதிரி தனிக் கிளை, அது உறுதி. எழுத்தில் தேதியோடு கிடைக்கும் முதல் வாக்கியமே 1462-ல்தான், ஒரு ஞானஸ்நான வாசகம். அதற்கு முன்னால் எங்கே இருந்தது என்பதில்தான் சண்டை. சிலர் இல்லிரியா என்கிறார்கள், சிலர் கிழக்கே பழைய திரேசியா, டேசியா பக்கம், அதாவது இன்றைய பல்கேரியா, ருமேனியா பக்கம் கை காட்டுகிறார்கள். அவர்கள் கை காட்டுவதற்கு ஒரு காரணம் ருமேனியன்.

ருமேனியன் லத்தீனின் பிள்ளை, அல்பேனியன் அப்படி இல்லை. மீனுக்கு இங்கே பெஷ்க், அங்கே பெஷ்தெ, ஆனால் இரண்டுமே லத்தீனிலிருந்து வந்தவை, அதனால் அது கணக்கில்லை. பெயர்ச்சொல்லின் வாலில் 'அந்த' என்பதை ஒட்டும் வழக்கமும் இரண்டிலும் இருக்கிறது, ஆனால் வழியில் சோபியாவில் பார்த்தால் பல்கேரியனும் அதையே செய்கிறது, அக்கம்பக்கத்துப் பழக்கம் என்று விட்டுவிடலாம். என்னை அசத்தியது லத்தீனிலும் இல்லாத, பல்கேரியன் மாதிரியான ஸ்லாவிய மொழிகளிலும் இல்லாத சொற்கள்தான். பட்டாணி அல்பேனியனில் மோதுல், ருமேனியனில் மஸரெ. ஃபிர் மரம் ப்ரெத், ப்ராட். உதடு இரண்டிலும் கிட்டத்தட்ட பூஸெ. நான் குடித்த தல்லெதான் அங்கே ஸாரெ! இப்படிப்பட்ட சொற்களில் நிறைய மலை, மரம், ஆட்டுப்பட்டி சமாச்சாரம். லத்தீன் வருவதற்கு முன்பே இந்த இரண்டு ஜனங்களின் முன்னோர்களும் ஒரே மேய்ச்சல் காட்டில் திரிந்திருக்க வேண்டும் என்று நான் நம்பத் தொடங்கிவிட்டேன். அல்பேனியனில் 'புக்குர்' என்றால் அழகு, ருமேனியனில் அதே வேர் மகிழ்ச்சி. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டை உண்டாக்கியதாகக் கதை சொல்லும் ஆள் பெயரும் புக்குர்தான், அவரும் ஆடு மேய்ப்பவராம்!

பேருந்துக் கட்டணமும் விடுதி விலையும் எழுதுகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன், அது அடுத்த பதிவில். புக்கரெஸ்டில் கையில் காசு குறைந்துபோன கடைசி ராத்திரி, ஒரு பியர் கடையில் அரை லிட்டர் ஹால்பெயா, 300 மில்லி ட்ஸாப்பா என்று கேட்டார்கள். என்ன சொன்னீர்கள் என்று மறுபடி கேட்டேன். ட்ஸாப். பரிமாறும் பெண்ணிடம் நெற்றியில் இரண்டு விரலை வைத்துக் கொம்பு காட்டினேன். ஆமாம் ஆமாம், கிடாதான் என்று சிரித்துக்கொண்டே போய் ஒன்று எடுத்துவந்தாள்.