புகை கிளம்பிய இடம்தான் ஊர்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தின் வடமேற்குப் பகுதியில், கிரஹாம் கவுண்டி என்ற மாவட்டம். 24ஆம் எண் நெடுஞ்சாலையின் இருபுறமும் கோதுமை அறுத்த தாள்கள் மட்டும்தான். நிக்கோடமஸ் என்ற பலகையைப் பார்த்து வண்டியைத் திருப்பினால், கண்ணுக்குப் படுவது சில வீடுகளும் நாலைந்து பழைய கட்டடங்களும்தான். ஆனால் அன்று ஜூலையின் கடைசிச் சனிக்கிழமை. புல்தரை முழுக்க வெளிமாநில வண்டிகள். முதல் குடும்பங்களின் வாரிசுகள் ஆண்டுதோறும் ஊர் திரும்பும் விழா அது. அதற்காகவே நாள் பார்த்து வந்திருந்தேன்.

அடிமைத்தளை நீங்கிப் பன்னிரண்டே ஆண்டுகளில், 1877இல், கென்டக்கியிலிருந்து வந்த கறுப்பின மக்கள் அமைத்த ஊர் இது. சொந்த நிலம், சொந்த ஊர் என்று அச்சடித்த விளம்பரத் தாள்களை நம்பி, அந்த செப்டம்பரில் மட்டும் சுமார் 300 பேர் வந்தார்கள்.

வந்து பார்த்தால் வீடே இல்லை. மரமில்லாத புல்வெளியில் வீடு கட்டப் பலகைக்கு எங்கே போவது? மேட்டைக் குடைந்து, மேலே புல்மண் போட்டு மூடி, உள்ளே குடியிருந்தார்கள். அடுத்த வசந்தத்தில் வந்த போதகர் ஹிக்மனின் மனைவி வில்லியானா, "ஊர் எங்கே?" என்று கேட்டாராம். தரையிலிருந்து கிளம்பிய புகையைக் கைகாட்டினார்கள். அவர் அழுதுவிட்டார். அவரே பின்னாளில் சொல்லிவைத்த நினைவு இது. அதைப் படித்த நாளிலிருந்தே இங்கே வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

பலர் திரும்பிப் போனார்கள். போகாதவர்களைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அப்படியொரு மண்குழியில்தான் எம்மா வில்லியம்ஸ் இந்த ஊரின் முதல் குழந்தையான ஹென்றியைப் பெற்றார். ஜென்னி ஃபிளெச்சர் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். முதல் குளிர்காலத்தில் உணவு தீர்ந்துபோனபோது, வேட்டை முடித்துத் திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சி கொடுத்துக் காப்பாற்றியதை இன்றும் குடும்பங்களில் சொல்கிறார்கள்.

அப்புறம் ஊர் வளர்ந்தது. கடை, ஓட்டல், செய்தித்தாள் எல்லாம் வந்தன. ஆனால் 1888இல் ரயில் பாதை இந்தப் பக்கம் வராமல் ஆற்றுக்குத் தெற்கே போய்விட, கடைகளும் பின்னாலேயே போயின. அந்த அடியிலிருந்து ஊர் மீளவே இல்லை. 1996இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது.

1939இல் கட்டிய ஊர் மன்றத்தின் சுண்ணாம்புக்கல் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் கொதித்தது, வெளிர்மஞ்சள் கல்லில் உளி கொத்திய தடம் விரலுக்குத் தட்டுப்பட்டது. உள்ளே நீள மேசையில் ஒரு குடும்பம் தன் வம்ச வரைபடத்தைப் பழுப்புத் தாளில் விரித்து வைத்திருந்தது. உச்சியில் 1877இல் வந்தவர்கள். பாட்டி ஒருவர் என்னை அருகே கூப்பிட்டு, "இதோ, இங்கே பாருங்கள்" என்று தாளின் அடி ஓரத்தைக் காட்டினார். பென்சிலில், அன்று காலைதான் எழுதிய ஒரு பெயர். அந்தக் குழந்தை, மேசைக்குப் பின்னால் அம்மா தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.