கோடு சரியாக இருந்தும் வண்டி இழுக்கவில்லை: பழைய டிவிஎஸ் 50க்கு டைமிங் வைத்த அனுபவம்

அப்பாவின் டிவிஎஸ் 50 எங்களை மூன்று மாதம் படுத்தியது. காரணம் பத்து ரூபாய் பொருள் ஒன்று. பாயிண்ட் (பொறி விழ வைக்கிற சின்ன சுவிட்ச்) வைத்த பழைய மொபெட் வைத்திருப்பவர்கள் யாராவது சிலிண்டரைக் குடைந்து புது பிஸ்டன் போடுகிற போர் வேலைக்குக் கொடுக்கும் முன்னால் இதைப் படித்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். பாலக்காட்டுக் கணவாய்க்குள்ளேயே இருக்கிறோம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றில் தென்னை மட்டையெல்லாம் ஒரே பக்கமாக வாரி நிற்கும். அப்பா தினமும் காலையில் இரண்டு கேன் பாலைக் கட்டிக்கொண்டு மேற்கே மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பால் சொசைட்டிக்குப் போவார். 7 மணிக்கு மேல் அங்கே பால் எடுக்க மாட்டார்கள்.

வைகாசிக் கடைசியில் ஆரம்பித்தது. எதிர்க்காற்றில் வண்டி இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினாலும் சத்தம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது. கொஞ்ச தூரத்தில் சிலிண்டர் கொதித்து நின்றுவிடும். திரும்பி வரும்போது கேன் காலி, காற்றும் முதுகில். அப்போது எந்தக் குறையும் தெரியாது. அதனால் எந்தக் கடையில் காட்டினாலும் வாசலில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு "நல்லாத்தானே ஓடுது" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு நாள் அப்பா பாலோடு வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது மணி 7:20. பாலை எடுக்கவில்லை. அத்தனையையும் அம்மா உறை ஊற்றினார். அப்பாவுக்கு 68 வயது. அந்தக் காற்றில் பால் கேனோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வழக்கமாக வண்டி விடுகிற கடையில் கார்பரேட்டரைக் கழுவினார்கள், சைலன்சர் கரி எடுத்தார்கள், புது பிளக் போட்டார்கள். எதுவும் மாறவில்லை. கடைசியில் "போர் போயிடுச்சு, பிஸ்டன் செட்டோட 3,800 ஆகும்" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. மேக்னட்டை (எஞ்சின் ஷாஃப்டின் முனையில் சுற்றுகிற காந்தச் சக்கரம்) கையால் சுற்றினால் கம்ப்ரஷன் நன்றாகவே தடுத்தது. அதோடு, சித்திரையில் இதே கடையில்தான் பாயிண்ட் மாற்றினோம். அதற்கு முன்னால் இந்தத் தொல்லை இருந்ததில்லை. மெஷினை ஒருவர் தொட்ட பிறகு வந்த கோளாறு என்றால், அவர் தொட்ட இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதைச் சொன்னேன். கேட்க ஆளில்லை. வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து நானே கவரைக் கழற்றினேன்.

டைமிங்கின் அடிப்படை பலருக்கும் தெரிந்ததுதான். பிஸ்டன் டாப்புக்கு, அதாவது அது ஏறுகிற உச்சிக்கு, வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பொறி விழ வேண்டும். பெட்ரோல் எரிந்து அழுத்தம் உச்சத்துக்கு வர நேரம் பிடிக்கும், அந்த உச்சம் பிஸ்டன் டாப்பைத் தாண்டிக் கீழே இறங்கத் தொடங்கும்போது கிடைத்தால்தான் இழுவை. பொறி தாமதமானால் நெருப்பு பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதில் சைலன்சர் வழியாகச் சூடாக வெளியே போகும். ரொம்ப முந்தினால் இன்னும் ஆபத்து: எஞ்சின் எதிர்த்து உதைக்கும், லோடில் டிக் டிக் என்று தட்டும், அப்படியே ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும். எங்களுடையது கொதிக்கிறது, இழுக்கவில்லை, ஆனால் சுலபமாக ஸ்டார்ட் ஆகிறது. அப்படியே தாமதத்தின் அடையாளம்.

பாயிண்ட் திறக்கும்போது விழுகிற இடைவெளியை, அதாவது கேப்பை, மேக்னட்டின் ஜன்னல் வழியாகவே பார்க்கலாம். என்னிடம் இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் இருந்தது. 0.40 மில்லிமீட்டர் வைத்தேன். கேஜ் இல்லாதவர்கள் ஹேக்சா பிளேடை நுழைத்துப் பார்ப்பதை நிறையக் கடைகளில் பார்க்கிறேன், அது வேண்டாம். அதன் கனம் 0.6 மில்லிக்கும் மேல். கேப் கூடினால் பாயிண்ட் முன்னதாகவே திறந்து டைமிங்கும் முந்திவிடும். ஷேவிங் பிளேடு ஒன்றின் கனம் 0.1 மில்லி. நாலு பிளேடை ஒன்றாக அடுக்கினால் 0.40 கிடைக்கும். கையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பாயிண்ட் சரியாக எந்த நொடியில் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்தேன். பாயிண்ட் திறந்தாலும் பீப், மூடினாலும் பீப். பாயிண்டே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி மறுநாள் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறி இன்னொரு பாயிண்ட் வாங்கி வந்தேன். அப்புறம்தான் விளங்கியது: இந்த மேக்னட்டோவில் பிரைமரி காயில் பாயிண்டுக்கு இணையாக எர்த்தில் சேர்ந்திருக்கிறது. காயிலின் ஓம் மிகக் குறைவு என்பதால் மீட்டருக்கு அது மூடிய சுவிட்ச் மாதிரியே தெரியும். காயில் வயரைப் பாயிண்டிலிருந்து பிரித்துவிட்டுத்தான் மீட்டரை வைக்க வேண்டும். இல்லையென்றால் மெல்லிய டிஷ்யூத் தாளைப் பாயிண்டுக்கு நடுவில் வைத்து லேசாக இழுத்தபடியே மேக்னட்டைச் சுற்றுங்கள். தாள் விடுபடுகிற இடம்தான் பாயிண்ட் திறக்கிற இடம். வேலை முடிந்ததும் தாள் நார் ஒட்டியிருக்கும், பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

பொறி விழ வேண்டிய இடத்தைக் காட்ட மேக்னட்டிலும் எஞ்சின் கேஸிங்கிலும் ஒவ்வொரு கோடு இருக்கும். தாள் விடுபட்ட இடத்தில் மேக்னட்டின் கோடும் கேஸிங்கின் கோடும் நேருக்கு நேர் நின்றன. சுத்தமாகப் பொருந்தியது. ஓட்டிப் பார்த்தேன். அதே இழுவை, அதே கொதி. அன்று இரவு போர் வேலைக்குக் கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அதற்கு முன்னால் ஒரு தடவை கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிற ஒரு பெரியவரிடம் போனேன். மோட்டார் பம்பு, மருந்தடிக்கிற மெஷின், பழைய மொபெட் எல்லாம் பார்ப்பவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கோட்ட உடு கண்ணு. கோடு நேரா நிக்கும்போது பிஸ்டன் எங்க நிக்குதுன்னு பாத்தியா?"

"இல்லீங்க."

"அதப் பாரு மொதல்ல."

பார்க்கும் முறையையும் அவரே காட்டினார். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அதற்குள் முனை மழுக்கிய போல்ட்டை இறுக்கி வைத்திருந்தார். அதைப் பிளக் துளையில் மாட்டினால் பிஸ்டன் டாப் வரை போகாமல் வழியிலேயே தட்டி நிற்கும். மேக்னட்டைக் கையால் மெதுவாக ஒரு பக்கம் சுற்றி, தட்டுகிற இடத்தில் கேஸிங் கோட்டுக்கு நேராக மேக்னட் விளிம்பில் ஒரு மார்க். எதிர்ப்பக்கம் சுற்றி, தட்டுகிற இடத்தில் இன்னொரு மார்க். இரண்டுக்கும் சரி நடுவில்தான் உண்மையான டாப். பிளக் துளையில் ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் தடவிப் பார்த்து டாப் சொல்வது சரிவராது. டாப் பக்கத்தில் மேக்னட் பல டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் அசைவது கண்ணுக்கே தெரியாது. ஸ்பானர் போட்டுச் சுற்றவும் கூடாது, பிஸ்டன் தலையில் குழி விழும்.

கடையில் இதே எஞ்சின் இன்னொன்று நல்ல நிலையில் கிடந்தது. அதில் டாப்புக்கும் ஃபயரிங் கோட்டுக்கும் இருந்த தூரத்தை நூல் வைத்து அளந்தோம். எங்கள் வண்டியில் அது 3 மில்லிக்குக் கொஞ்சம் மேல் குறைந்திருந்தது. மேக்னட்டின் விட்டம் 100 மில்லி என்றால் சுற்றளவு 314. ஒரு டிகிரிக்கு 0.87 மில்லி. அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய 4 டிகிரி தாமதம். கோடு வரையப்பட்ட மேக்னட்டே ஷாஃப்டில் நழுவி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் மேக்னட்டை ஷாஃப்டிலிருந்து இழுத்துக் கழற்றப் புல்லர் என்கிற கருவி வேண்டும். "சுத்தி தொடாத கண்ணு" என்று பெரியவர் இரண்டு தடவை சொன்னார். அவருடைய புல்லரை யாரோ வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. பாலக்காட்டுச் சித்தூரில் கேட்டால் "ஸ்டாக் இல்லா சேட்டா". பொள்ளாச்சியில் "எல்லாத்துக்கும் சேரும்" என்று கொடுத்தது மரை சேரவில்லை. மேக்னட்டின் உள்மரையை வெர்னியரில் அளந்துகொண்டு போயிருந்தால் அந்த ஒரு நடை மிச்சமாகியிருக்கும். கோயம்புத்தூர்க் கடை ஒன்றுக்குப் போனில் அளவு சொல்லி, பணமும் அனுப்பி, பார்சல் போடச் சொன்னேன். ஐந்து நாளாகியும் வரவில்லை. விசாரித்தால் பார்சல் ஆந்திராவில் இருக்கிற சித்தூரில் கிடக்கிறது! போனில் ஊர்ப் பெயர் மட்டும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். பின்கோடு 678101 என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், ஆந்திரச் சித்தூர் 517001. பாலக்காட்டுச் சித்தூர்க்காரர்கள் இதை மறக்காதீர்கள். பழுது என்னவென்று தெரிந்தும் இன்னொரு வாரம் அப்பா பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் பால் அனுப்பினார்.

புல்லர் வந்த அன்று மேக்னட் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. நட்டின் ஓரமெல்லாம் உளி வெட்டிய தழும்பு. சித்திரையில் பாயிண்ட் மாற்றும்போது ஸ்பானர் போடாமல் உளியும் சுத்தியும் வைத்தே கழற்றி மாட்டியிருக்கிறார்கள். உள்ளே ஷாஃப்ட் பள்ளத்தில் இருக்கிற ஹாஃப் மூன் கீ (மேக்னட் உட்கார வேண்டிய இடத்தைக் காட்டுகிற அரைவட்டத் துண்டு) பாதி வெட்டுப்பட்டுப் படிக்கட்டு மாதிரி நின்றது. அந்தப் படி அரை மில்லிதான் இருக்கும். ஷாஃப்ட் 15 மில்லி, மேக்னட் 100 மில்லி. ஷாஃப்டில் அரை மில்லி நழுவினால் மேக்னட் விளிம்பில் 3.3 மில்லி. நூலில் அளந்ததும் இதுவும் ஒத்துப்போனதைப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

புது கீ பத்து ரூபாய். அதை மட்டும் போட்டு மூடிவிடக் கூடாது என்பதைப் பெரியவர் வற்புறுத்திச் சொன்னார். மேக்னட்டைப் பிடித்து வைத்திருப்பது கீ இல்லை, ஷாஃப்டின் கூம்புப் பகுதியின் உராய்வுதான். கீ இடம் காட்ட மட்டுமே. அங்கே எண்ணெய் இருந்தாலோ நட் முழுசாக இறுகாமல் இருந்தாலோ எத்தனை கீ போட்டாலும் வெட்டும். இரண்டு கூம்பையும் பெட்ரோலில் துடைத்துக் காயவைத்து, மேக்னட்டுக்குள் இரும்புத்தூள், வாஷர் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து மாட்டினோம். காந்தம் எதையும் இழுத்து வைத்துக்கொள்ளும், அது உள்ளே சுற்றினால் காயில் போச்சு.

மறுபடி டாப் அளந்தோம், நல்ல எஞ்சினோடு ஒத்தது. பாயிண்ட் திறக்கும் இடத்தைச் சரிபார்த்தோம், கோட்டில் நின்றது. காயிலும் பாயிண்டும் உட்கார்ந்திருக்கிற பிளேட்டைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. தொட வேண்டி வந்தால், மேக்னட் சுற்றும் திசைக்கு எதிராக நகர்த்தினால் பொறி முந்தும், அதே திசையில் நகர்த்தினால் தாமதமாகும். ஒவ்வொரு தடவையும் கேப்பை முதலில் வைத்துவிட்டுத்தான் பிளேட்டை நகர்த்த வேண்டும். கேப் மாறினால் டைமிங்கும் சேர்ந்து மாறும்.

டியூனிங்கை டைமிங்குக்குப் பிறகுதான் தொட வேண்டும். இத்தனை நாள் இழுக்கவில்லை என்று அப்பா பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைந்து கலவை மெலியும், புகையும் கூடும். நல்ல 2டி ஆயில், லிட்டருக்கு 20 மில்லி என்று பழையபடி கொண்டுவந்தோம். பெட்ரோல் ட்யூபும் விறைத்துப் போயிருந்தது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வருவதால் பழைய ரப்பரை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. மாற்றினேன்.

சோதனைக்கு நாற்பது லிட்டர் தண்ணீரைக் கேனில் நிரப்பிக் கட்டி, காற்று எதிரே அடிக்கிற சாயங்காலத்தில் சொசைட்டி வரைக்கும் ஓட்டினேன். வெறும் வண்டியை வாசலில் ஓட்டிப் பார்த்தால் டைமிங் தெரியாது. முழு ஆக்சிலேட்டரில் போய்க்கொண்டிருக்கும்போதே எஞ்சினை ஆஃப் செய்து, ஓரமாக நிறுத்திப் பிளக்கைக் கழற்றினேன். முனை சாக்லேட் நிறம், கலவை சரி என்று அர்த்தம். கறுப்பும் இல்லை, வெளுப்பும் இல்லை. சிலிண்டர் சூடுதான், ஆனால் வண்டி நிற்கவில்லை, தட்டவும் இல்லை.

200 கிலோமீட்டர் ஓடிய பிறகு கேப்பைத் திரும்பப் பார்த்தேன். 0.40 இருந்தது 0.35க்கு வந்திருந்தது. பாயிண்டைத் திறக்கிற கேமில் உரசுகிற ஃபைபர் கால் புதுப் பாயிண்டில் முதலில் கொஞ்சம் தேயும், அப்போது கேப் சுருங்கிப் பொறி தாமதமாகும். திரும்ப 0.40 வைத்து, கேமைத் தடவுகிற ஃபெல்ட்டில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். அதற்கு மேல் விட்டால் பாயிண்டில் தெறித்துக் கருகும்.

இன்று காலை அப்பா 6:40க்கே காலி கேனோடு வீட்டுக்கு வந்துவிட்டார். காற்று நேற்றைவிடப் பலமாகத்தான் அடித்தது. வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, "ரெண்டு பேர் வந்து பாத்தாங்க, என்ன பண்ணுனன்னு கேட்டாங்க" என்றார்.