காதுக்கு இருபது ரூபாய்: நெட் தமிழில் நான் கோட்டை விட்ட இடம்

நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) ரிசல்ட் வந்துவிட்டது. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, ஜேஆர்எஃப் (ஆய்வு உதவித்தொகை) இல்லை. இரண்டாவது முயற்சி. வீட்டில் பாயசம் வைத்தார்கள், எனக்குத்தான் பாதி இறங்கவில்லை. சிலபஸ், கட்ஆஃப் கதையெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது ஒரே இடம்: இடுகுறியும் (காரணமில்லாமல் இட்டு வழங்கும் பெயர்) ஆகுபெயரும் (ஒன்றின் பெயர் அதோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகிவருவது).

போன முறை இரண்டையும் தனித்தனி நோட்டில் படித்தேன். மொழியியல் நோட்டில் சுவிஸ் மொழியியலாளர் சசூர், அவருடைய குறிப்பான் (சொல்லின் ஒலிவடிவம்), குறிப்பீடு (அது சுட்டும் கருத்து). இலக்கண நோட்டில் நன்னூல். 'நாற்காலி காரணப்பெயர்' என்பது கூற்று. 'சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான தொடர்பு உண்டு' என்பது காரணம். இந்த ரக வினாவில் இரண்டும் சரி என்று குறித்துவிட்டு வந்தேன். கூற்று சரி, நான்கு கால் இருப்பதால் வந்த பெயர். காரணம்தான் தவறு. 'நான்கு', 'கால்' இரண்டுமே இடுகுறிதானே! சசூர் இதைப் பிரெஞ்சு எண்களை வைத்தே சொல்லியிருக்கிறார். அங்கே இருபதைப் பிரித்தால் ஒன்றும் கிடைக்காது. பத்தொன்பது பத்தும் ஒன்பதுமாகப் பிரியும். நம் பத்தும் பதினொன்றும் அப்படித்தான். இத்தனைக்கும் நான் உட்கார்ந்து படித்த சுழல் நாற்காலிக்கு ஐந்து கால்.

ஆகுபெயரில் இன்னும் மோசம். வகைகளை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தேன், நன்னூல் நூற்பாவின் வாலை விட்டுவிட்டேன்: 'தொன்முறை உரைப்பன ஆகு பெயரே'. தொடர்பு இருந்தால் மட்டும் போதாது, வழக்கில் இருக்க வேண்டும். ஷேர் ஆட்டோவில் "தலைக்கு இருபது" என்றால் சினையாகுபெயர்: சினை, அதாவது உறுப்பின் பெயர், ஆளுக்கு ஆகிவருகிறது. காதும் சினைதான். "காதுக்கு இருபது" என்று கேட்டுப் பாருங்கள், நாற்பது கொடுக்க வேண்டுமோ என்று ஆள் இறங்கிவிடுவார்.

இந்த முறை செய்தவை:

- ஒரே நோட்டு. இடப்பக்கம் நன்னூல், வலப்பக்கம் சசூர்.
- மதிமுகம் (மதி போன்ற முகம்) உவமைத்தொகை, முகமதி (முகமே மதி) உருவகம். தினமும் பத்துச் சொல்லைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.
- 'கா கா' என்று கரைவதால் காக்கை நமக்குக் காரணப்பெயர். சசூருக்கு இந்த மாதிரி ஒலிக்குறிப்புச் சொற்கள் மொழியின் ஓரத்தில் கிடப்பவை. வினா யார் பக்கம் நின்று கேட்கிறது என்று முதலில் பார்க்கவும்.
- குரூப் ஸ்டடி கிடையாது. எனக்குப் பேச்சு வந்தால் படிப்பு வராது.
- நெகட்டிவ் மார்க் இல்லை, 150 வினாவையும் குறித்தேன்.

எல்லாருக்கும் பொதுவான முதல் தாளைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். ஜேஆர்எஃப் போனது அங்கேதான்.